ஹீட்டர் எரியவில்லை: குளோ பிளக்கைக் குறை சொல்லும் முன்

வாகன மின்னியல் | வாசகர் கேள்வி-பதில்

எஞ்சினை அணைத்துவிட்டாலும் வண்டிக்குள் சூடு தருவது டீசல் ஹீட்டர். தொட்டியிலிருந்து டோசிங் பம்ப் துளித்துளியாக டீசலை இழுக்கிறது, சின்ன அறை ஒன்றில் மின்சாரத்தால் சிவக்கும் குளோ பிளக் அதைப் பற்றவைக்கிறது. எல்லாவற்றையும் நடத்துவது கண்ட்ரோல் யூனிட் என்ற மின்னணுப் பலகை. புகை தனிக்குழாய் வழியாக வெளியே போகிறது. கேபின் காற்று எரியறையைச் சுற்றியுள்ள அலுமினியத் துடுப்புகளை உரசிச் சூடாகித் திரும்பி வருகிறது. பனிக்காலம் தொடங்கியதும் குளிர்நாடுகளில் லாரியும் வேனும் ஓட்டும் வாசகர்களிடமிருந்து இதுபற்றிய கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை மின்பாகங்களைச் சோதிப்பது பற்றியவை என்பதால் இந்த முறை அவற்றுக்கே பதில்.

லாரி ஸ்லீப்பரில் (ஓட்டுநர் படுக்கும் அறையில்) உள்ள 12 வோல்ட் ஏர்ட்ரோனிக் டி2 ஹீட்டர், பட்டனை அமுக்கினால் விசிறி சுற்றுகிறது, சற்று நேரத்தில் நின்றுவிடுகிறது. பிழை எண் 011. பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. குளோ பிளக்கை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
- பிராம்ப்டன், கனடா

மாற்ற வேண்டாம். 011 என்றால் மின்னழுத்தம் குறைவு என்று பொருள். குளோ பிளக் தன் வேலையைச் செய்ய முயல்வதால்தான் அந்த எண் வருகிறது. பிளக் அறுந்திருந்தால் கரண்டே இழுத்திருக்காது, அழுத்தமும் விழுந்திருக்காது.

நீங்கள் பார்த்த 12.6 வோல்ட், எந்தச் சுமையும் இல்லாமல் பேட்டரி முனையில் அளந்தது. ஹீட்டருக்கு வேண்டியது, குளோ பிளக் எரியும்போது ஹீட்டரின் கனெக்டரில் இருக்கும் அழுத்தம். இந்த மாடல் ஓடும்போது 8 முதல் 34 வாட்தான் எடுக்கும். ஆனால் பற்றவைக்கும்போது 100 வாட் வரை இழுக்கும், அதாவது 8, 9 ஆம்பியர். கனெக்டரில் அழுத்தம் 10.5 வோல்ட்டுக்குக் கீழே போய்ச் சுமார் 20 விநாடி அங்கேயே நின்றால் கண்ட்ரோல் யூனிட் ஹீட்டரை நிறுத்திவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பேட்டரியிலிருந்து ஹீட்டருக்குப் போக 4 மீட்டர், வர 4 மீட்டர், மொத்தம் 8 மீட்டர் வயர். கைக்குக் கிடைத்த 1.5 சதுர மி.மீ. வயரைப் போட்டிருந்தால் அதன் தடை 0.09 ஓம் சொச்சம். 9 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.84 வோல்ட் தொலைகிறது. பச்சை பூத்த ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று இன்னும் 0.4 வோல்ட்டைத் தின்னும். மைனஸ் இருபது பாகைக் குளிரில், இரவெல்லாம் உழைத்த பேட்டரி சுமையில் 11.8 வோல்ட் கொடுத்தாலே பெரிது. கழித்தால் ஹீட்டருக்குப் போய்ச் சேர்வது 10.5 சொச்சம். வெயில் காலத்தில் சரியாக வேலை செய்து, குளிர் கூடக்கூட நின்றுபோகும் ஹீட்டர்களில் நிறைய இப்படித்தான் தடுமாறுகின்றன. இதே 8 மீட்டருக்கு 6 சதுர மி.மீ. வயர் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்டோடு நின்றுவிடும். பிளஸ், மைனஸ் இரண்டும் சேர்ந்து 5 மீட்டர் வரை 4 சதுர மி.மீ., 8 மீட்டர் வரை 6 சதுர மி.மீ. என்பதே இந்த வகை ஹீட்டருக்கான அளவு.

அழுத்தம் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிக்க ஊகம் தேவையில்லை. ஹீட்டரை இயக்கி, குளோ பிளக் கரண்ட் இழுக்கும் அந்த ஓரிரு நிமிடத்துக்குள் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். முதலில் பேட்டரியின் இரு முனைகளில். இங்கேயே 11.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைத்தான் கவனிக்க வேண்டும். அடுத்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையை பேட்டரி பிளஸில் வைத்து, கறுப்பு முனையை ஹீட்டர் கனெக்டரின் பிளஸ் வயரில் பின்பக்கமாகச் செருகுங்கள். மீட்டர் காட்டுவது பிளஸ் பாதையின் மொத்த இழப்பு. மூன்றாவதாக, அதே போல பேட்டரி மைனஸுக்கும் ஹீட்டர் மைனஸுக்கும் இடையே. பலர் இதை அளப்பதே இல்லை. மைனஸ் வயரை வண்டியின் உடலோடு பிணைக்கும் எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயின்ட் இருந்தாலோ துரு ஏறியிருந்தாலோ பாதி இழப்பு இங்கேதான் இருக்கும். கடைசியாக, 20 ஆம்பியர் ஃபியூஸின் ஹோல்டருக்குள் நுழையும் வயருக்கும் வெளிவரும் வயருக்கும் இடையே. அங்கே சில பத்து மில்லிவோல்ட்டுக்கு மேல் வரக் கூடாது. வந்தால், ஃபியூஸைப் பிடுங்கி அதன் கால்களைப் பாருங்கள். ஒரு கால் நீலம் பாரித்தோ பிளாஸ்டிக் இளகியோ இருக்கும். ஃபியூஸ் அறுந்திருக்காது, அதனால் மீட்டரில் பாதை அறுபடவில்லை என்று காட்டும் கண்டினியூட்டி பீப் சத்தமும் ஒழுங்காகக் கேட்கும். 9 ஆம்பியரைக் கடத்த அதற்குத் தெம்பு இருக்காது, அவ்வளவுதான். ஹோல்டரோடு மாற்றிவிடுங்கள்.

குளோ பிளக்கைக் கழற்றி அளந்தேன். 0.8 ஓம் காட்டுகிறது. நல்லதா, கெட்டதா? பேட்டரியில் நேராக வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கலாமா?
- ஸ்கார்பரோ, கனடா

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: தயவுசெய்து வைக்காதீர்கள். 12 வோல்ட் ஹீட்டரில் இருக்கும் பிளக் என்பதால் 12 வோல்ட்டைத் தாங்கும் என்று பொருளில்லை. கண்ட்ரோல் யூனிட் அழுத்தத்தை வெட்டி வெட்டித் துடிப்புகளாகத்தான் அனுப்புகிறது. பிளக்கின் சராசரி அழுத்தம் பேட்டரியைவிடக் குறைவு. அரை ஓம் பிளக்கை நேராக 12 வோல்ட்டில் வைத்தால் முதல் கணத்தில் 24 ஆம்பியர், கிட்டத்தட்ட 290 வாட் பாயும். 100 வாட் எல்லைக்குள் வேலை செய்ய வேண்டிய பாகம் அது. நன்றாக இருந்த பிளக் சோதனையிலேயே செத்துப்போகும், நீங்களும் "ஆமாம், பிளக்தான் போயிருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுவீர்கள்.

இனி அந்த 0.8. சாதாரண மல்டிமீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் வராது. 0.2, 0.3 ஓம் காட்டும். அது மீட்டர் வயரின் தடை. உங்கள் மீட்டர் 0.3 காட்டினால் பிளக்கின் தடை 0.5. டி2 போன்ற 12 வோல்ட் ஹீட்டர்களில் பிளக் சுமார் அரை ஓம்தான் இருக்கும். 24 வோல்ட் பிளக் ஒன்றிலிருந்து இரண்டு ஓம் வரை. ஆக உங்கள் பிளக் பெரும்பாலும் நல்ல பிளக். மாடலுக்கு மாடல் எண் மாறும் என்பதால் உங்கள் ஹீட்டரின் பழுதுபார்ப்புக் கையேட்டோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சின்னத் தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் நம்பிக்கையாக அளக்க முடியாது. இதற்கு நல்ல வழி ஒன்று உண்டு. பிரேக் விளக்கில் போடும் 12 வோல்ட் 21 வாட் பல்பு ஒன்றை எடுத்து, பேட்டரி பிளஸ், பல்பு, குளோ பிளக், பேட்டரி மைனஸ் என்று வரிசையாக இணையுங்கள். பல்பு கரண்டை 1.75 ஆம்பியர் அளவில் கட்டிப்போட்டுவிடும், பிளக்குக்கு எந்த ஆபத்தும் இல்லை. மீட்டரை 10 ஆம்பியர் சாக்கெட்டுக்கு மாற்றி, அதையும் வரிசையில் சேர்த்துக் கரண்டை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை எடுத்துவிட்டு வயரை நேராக இணைத்து, பிளக்கின் சொந்த முனைகளில் வோல்ட்டை அளங்கள். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம். 1.7 ஆம்பியரில் 0.85 வோல்ட் வந்தால் சரியாக 0.5 ஓம். மீட்டர் வயரின் தடை இந்தக் கணக்கில் நுழையவே நுழையாது.

பல்பு எரியவே இல்லை என்றால் பிளக் அறுந்துவிட்டது. ஏர்ட்ரோனிக்கில் பிழை எண் 020 காட்டுவது இந்த மாதிரி அறுப்பைத்தான், 021 ஷார்ட். ஆனால் 020 என்று பார்த்ததும் பிளக் வாங்க ஓடாதீர்கள். பிளக்கிலிருந்து கண்ட்ரோல் யூனிட் வரையிலான பாதையில் எங்கோ அறுப்பு என்பதுதான் அந்த எண்ணின் முழுப் பொருள். கனெக்டரின் பெண் முனை விரிந்து, பின்னைப் பிடிக்காமல் தளர்ந்து கிடந்தாலும் 020தான் வரும்.

செராமிக் பிளக்காக இருந்தால் கையாளும்போது கவனம் வேண்டும். மேசையிலிருந்து தரையில் விழுந்தாலே கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். குளிரில் அளந்தால் நல்ல எண் வரும், சூடேறியதும் கீறல் விரிந்து அறுக்கும். கழற்றியதோடு கழற்றியதாக, பிளக் இருந்த குழிக்குள் இருக்கும் வலையையும் பாருங்கள். டீசலை ஆவியாக்குவது அந்த உலோக வலைதான். அது கரியேறிக் கெட்டித்திருந்தால் எத்தனை புதுப் பிளக் போட்டாலும் பற்றாது. புது வலையைச் செருகும்போது அதன் வெட்டுப் பகுதி, அறையின் பக்கத்தில் உள்ள சின்னக் காற்றுத் துளைக்கு நேராக வர வேண்டும். துளை மூடிப்போனால் புகை கக்கிக்கொண்டு, திணறித் திணறிப் பற்றும், இல்லையென்றால் பற்றவே பற்றாது.

டோசிங் பம்ப் 'டிக் டிக்' என்று அடிக்கவில்லை. பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்தால் 1, 2 வோல்ட்தான் ஆடுகிறது. 12 வோல்ட் வர வேண்டாமா?
- ஓஸ்லோ, நார்வே

மீட்டர் ஆடுகிறது என்றாலே நல்ல செய்தி. பம்புக்குத் தொடர்ந்து மின்சாரம் போகாது. விநாடிக்கு ஒன்றிலிருந்து சில துடிப்புகள் வரை, ஒவ்வொன்றும் மிகக் குறுகிய நேரம். சாதாரண மல்டிமீட்டர் அவற்றைச் சராசரியாக்கி அரைகுறை எண்ணைக் காட்டும். கனெக்டரில் எல்.இ.டி. டெஸ்ட் லேம்ப்பை வைத்துப் பாருங்கள். பட்பட்டென்று மின்னினால் கண்ட்ரோல் யூனிட்டும் வயரும் தம் வேலையைச் செய்கின்றன. ஒன்றை மறக்க வேண்டாம்: பட்டனை அமுக்கிய உடனே பம்ப் அடிக்காது. முதலில் விசிறி, பிறகு ஒரு நிமிட அளவுக்குக் குளோ பிளக், அதற்குப் பின்தான் பம்ப். அதுவரை பொறுக்காமல் பம்பைக் கழற்றியவர்கள் உண்டு.

துடிப்பு வருகிறது, பம்ப் அடிக்கவில்லை என்றால் கனெக்டரைப் பிடுங்கி, பம்புக்குள் இருக்கும் மின்சுருளின் தடையை அளக்க வேண்டும். 12 வோல்ட் பம்ப் 10 ஓம் அக்கம்பக்கம், 24 வோல்ட் பம்ப் 36 ஓம் அக்கம்பக்கம் காட்டும். முடிவிலி என்றால் சுருள் அறுந்தது, 2, 3 ஓம் என்றால் உள்ளே ஷார்ட். தடை சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் உள்ளே பிஸ்டன் இறுகியிருக்கிறது. தண்ணீர் கலந்த டீசலால் துருவேறுவதும், கோடைக்காலம் முழுக்க ஹீட்டரை இயக்காமல் போட்டு வைப்பதும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். மாதம் ஒருமுறை பத்து, இருபது நிமிடம் இயக்குங்கள், கோடையிலும்.

சோதிப்பதற்காக பம்பை பேட்டரியில் தொட்டுப் பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது. ஒரே ஒரு 'டிக்' கேட்கும், பிறகு சுருள் சும்மா சூடேறும். தொட்டுத் தொட்டு எடுத்தால் போதும்.

அடிக்கிறது, ஆனால் போதுமான டீசல் வருகிறதா என்பது தனிச் சோதனை. சில பம்புகளின் உடலில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு டீசல் என்று அச்சிட்டிருக்கும், 22 என்றால் 0.022 மி.லி. ஹீட்டர் பக்கக் குழாயைக் கழற்றி 5 மி.லி. ஊசிக்குழலுக்குள் விட்டு, 200 துடிப்பு எண்ணுங்கள். 4.4 மி.லி. வர வேண்டும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால் வடிகட்டி அடைப்பு, உறிஞ்சும் பக்கக் குழாயில் காற்றுக் கசிவு, பம்ப் தேய்மானம் என்ற வரிசையில் தேடுங்கள். பம்ப் கிடைமட்டமாகக் கிடந்தால் குமிழிகள் உள்ளேயே தங்கிவிடும். வெளிவாய் மேல்நோக்கி 15 முதல் 35 பாகைச் சாய்வில் இருப்பது நல்லது.

24 வோல்ட் லாரியின் பழைய ஹீட்டரில் இருந்து கழற்றிய பம்பை என் 12 வோல்ட் வேனில் போடலாமா?
- டார்ட்முண்ட், ஜெர்மனி

கூடாது. 36 ஓம் சுருளுக்கு 12 வோல்ட் கொடுத்தால் மூன்றில் ஒரு ஆம்பியர்தான் ஓடும். பிஸ்டனை அது முழுதாக இழுக்காது. ஐரோப்பிய லாரிகள் 24 வோல்ட், வட அமெரிக்க லாரிகள் 12 வோல்ட் என்பதால் பழைய பாகச் சந்தையில் இரண்டும் கலந்தே கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள்.

ஹீட்டர் பற்றுகிறது, நன்றாகச் சூடும் வருகிறது. ஆனால் சில நிமிடத்தில் 'தீ அணைந்தது' என்று காட்டி நிற்கிறது. சென்சார்களை எப்படிச் சோதிப்பது?
- பெர்கன், நார்வே

இரண்டு சென்சார்கள் இருக்கின்றன, இரண்டும் நேர்மாறாக நடப்பவை. தீயை உணர்வது பெரும்பாலும் பி.டி.1000 வகை பிளாட்டினச் சென்சார். சூடு கூடினால் தடை கூடும். 0 பாகையில் 1,000 ஓம், 20 பாகையில் 1,078 ஓம், 100 பாகையில் 1,385 ஓம், 200 பாகையில் 1,759 ஓம். அதிகச் சூட்டை உணர்வது என்.டி.சி. வகை. சூடு கூடினால் தடை குறையும். 25 பாகையில் 10 கிலோ ஓம் உள்ள வகையாக இருந்தால் 20 பாகையில் 12.5 கிலோ ஓம் சொச்சம், 0 பாகையில் 30 கிலோ ஓமுக்கு மேல். மாடலுக்கு ஏற்ப இந்த அடிப்படை எண் மாறும், ஆனால் போகும் திசை மாறாது.

வண்டி இரவு முழுக்க வெளியில் நின்ற காலையில் அளப்பதுதான் சிறந்தது. ஹீட்டர் முழுக்க ஒரே குளிரில் இருக்கும், வெளி வெப்பநிலை உங்களுக்குத் தெரியும், எண்ணை நேரடியாக ஒப்பிடலாம். பி.டி.1000 ஒரு பாகைக்கு ஏறக்குறைய 3.9 ஓம் மாறும். மைனஸ் 10 பாகைக் காலையில் 961 ஓம் வர வேண்டும். 1,150 காட்டினால் கனெக்டரில் தேவையில்லாத தடை ஏறி, சென்சார் கிட்டத்தட்ட 40 பாகையில் இருப்பதாகக் கண்ட்ரோல் யூனிட்டை நம்பவைக்கிறது. இப்படிப்பட்ட தவறை அறுப்பு என்றோ ஷார்ட் என்றோ அது பதிவு செய்யாது. ஏர்ட்ரோனிக்கில் 064 தீ சென்சார் அறுப்பு, 065 ஷார்ட், 071 அதிகச்சூடு சென்சார் அறுப்பு, 072 ஷார்ட். இந்த நான்கும் வராமலே சென்சார் தவறாகச் சொல்ல முடியும்.

பிறகு மீட்டரை இணைத்தபடியே சென்சார் வயரை நுனியிலிருந்து கனெக்டர் வரை அங்குலம் அங்குலமாக ஆட்டுங்கள். எண் துள்ளக் கூடாது. அதன் பின் ஹேர் டிரையரால் சூடு காட்டுங்கள், எண் படியேறுவது போல் சீராக நகர வேண்டும். ஓரிடத்தில் திடீரென்று தாவி மறுபடி திரும்பினால் உள்ளே கீறல் இருக்கிறது.

உங்கள் கடிதத்தில் உள்ள அறிகுறிக்கு இன்னொரு காரணமும் பார்க்க வேண்டும். சென்சாரை வெப்பப் பரிமாற்றியோடு, அதாவது எரியறையைச் சுற்றியுள்ள அலுமினிய உடலோடு, அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப் நழுவியிருந்தால், தீ நன்றாக எரிந்தாலும் சென்சாருக்குச் சூடு எட்டாது. முன்பு யாராவது ஹீட்டரைப் பிரித்து மாட்டியிருந்தால் இதைத்தான் முதலில் பார்ப்போம். சென்சாரின் தட்டையான முகம் அலுமினியத்தில் முழுதாகப் படிந்திருக்க வேண்டும், அடியில் ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளிகூட ஆகாது. இரு சென்சார்களின் அளவும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனால் வரும் 014 என்ற எண்ணுக்கும் முதல் சந்தேகம் இந்தக் கிளிப்மேல்தான்.

விசிறி சுற்றுகிறது, ஆனாலும் விசிறிப் பிழை என்கிறதே?
- ஸ்கார்பரோ, கனடா

சுற்றினால் போதாது, எத்தனை வேகத்தில் சுற்றுகிறது என்று கண்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரிய வேண்டும். பல ஹீட்டர்களில் விசிறிச் சக்கரத்தில் சின்னக் காந்தம் ஒன்று பதித்திருக்கும். எதிரே சர்க்யூட் பலகையில் காந்தத்தை உணரும் ஹால் சென்சார். காந்தம் அதைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு துடிப்பு. காந்தம் கழன்று விழுந்தாலும், சக்கரம் தண்டில் ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்து சென்சாரைவிட்டு விலகினாலும் விசிறி சுற்றிக்கொண்டே இருக்கும், வேகம் பூஜ்யம் என்று பதிவாகும். மூடியைக் கழற்றிக் காந்தத்தின் மேல் ஒரு இரும்பு ஊசியைக் காட்டினால் இழுக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மின்சாரத்தைத் துண்டித்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். கரகரத்தால் பேரிங் போயிற்று. உறையை உரசினால் தூசி, நாய் முடி, உருகிய பிளாஸ்டிக் ஏதாவது இருக்கும். வயரைக் கவ்வி நேர்மின்னோட்டத்தை (டி.சி.) அளக்கும் கிளாம்ப் மீட்டர் கையில் இருந்தால் ஹீட்டரின் பிளஸ் வயரில் மாட்டிவிட்டு இயக்குங்கள். 12 வோல்ட் டி2 முழு வேகத்தில் ஓடும்போது 3 ஆம்பியருக்குச் சற்றுக் கீழே, மெதுவேகத்தில் 0.7 ஆம்பியர் அளவு. தீ நிலைத்து, குளோ பிளக் அணைந்த பிறகும் 4, 5 ஆம்பியர் காட்டினால் மோட்டார் இறுகித் திணறுகிறது. இந்த ஒரே அளவீடு பற்றவைப்பின் கதை முழுவதையும் காட்டும்: முதலில் விசிறிக்குக் கொஞ்சம், பிறகு பிளக்குக்கு 8, 9 ஆம்பியர், தீ நிலைத்ததும் இறக்கம். பிளக் நேரத்தில் கரண்ட் ஏறவே இல்லை என்றால் பிரிக்காமலே பிளக் பாதையில் அறுப்பு என்று சொல்லிவிடலாம்.

இறங்கும்போது பேட்டரி மாஸ்டர் சுவிட்சை அணைப்பது என் வழக்கம். ஹீட்டருக்கு ஏதும் ஆகுமா?
- பிராம்ப்டன், கனடா

ஆகும். ஹீட்டரை நிறுத்திய பிறகும் விசிறி மூன்று, நான்கு நிமிடம் ஓடித்தான் உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றும். அந்த நேரத்தில் மின்சாரத்தை அறுத்தால் சூடு எல்லாம் சென்சார், வயர் உறை, சர்க்யூட் பலகை பக்கம் ஏறும். எரியாமல் எஞ்சிய டீசல் வலையில் கரியாகும். சென்சார் வயரின் உறை காய்ந்த சருகு போல் நொறுங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ஹீட்டரின் பிளஸ் வயரை மாஸ்டர் சுவிட்சுக்கு முன்னால், பேட்டரி பக்கத்தில், தனி ஃபியூஸோடு எடுங்கள். ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளுக்கு இது பொருந்தாது. ஐரோப்பாவின் ஏ.டி.ஆர். விதிப்படி அவற்றில் ஹீட்டர் நின்ற பின் எரியறைக்குக் காற்று ஊட்டும் விசிறி, எஞ்சினை அணைப்பது போன்ற சில சமயங்களில், 40 விநாடிக்கு மேல் ஓடக் கூடாது, இணைப்பு முறையும் வேறு. அதில் கைவைக்க வேண்டாம்.

சென்னையிலிருந்து லே வரை போன கேம்பர் வேனில் டீசல் ஹீட்டர் மணாலி வரை ஒழுங்காக எரிந்தது. லேயில் இரண்டு இரவுக்குப் பின் பற்றவில்லை. பிளக், பம்ப், சென்சார் எல்லாம் சரியான எண்தான் காட்டுகின்றன.
- சென்னை

எண்களை நம்புங்கள். மின்பாகங்களில் குற்றமில்லை. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்ப் சென்னையில் விட்ட அதே அளவு டீசலை விடுகிறது, எரிக்கும் காற்று குறைந்துவிட்டது. மிச்ச டீசல் கரியாகி வலையையும் பிளக்கையும் மூடுகிறது. முதல் இரவு எரிந்து, மூன்றாம் இரவு நின்றதற்கு அதுதான் காரணம்.

உயரம் பார்த்து டீசலைக் குறைக்கும் அழுத்த உணரி உள்ள கிட் சில ஹீட்டர்களுக்குத் தனியாகக் கிடைக்கும், சில புது மாடல்களில் உள்ளேயே இருக்கும். சில கட்டுப்பாட்டுப் பலகைகளில் பம்ப் துடிப்பைக் கையாலேயே குறைக்க முடியும். இப்போதைக்கு வலையை மாற்றி, பிளக்கின் கரியைத் துணியால் துடைத்து, மலையில் இருக்கும்வரை மெதுவேகத்தில் மணிக்கணக்காக ஓடவிடுவதைத் தவிருங்கள். மெதுவேகத்தில்தான் கரி அதிகம் படியும். சமவெளியில் நிரப்பிய டீசல் லடாக் குளிரில் உறைந்து பம்ப் வடிகட்டியை அடைப்பதும் உண்டு. லடாக்குக்கென்று இந்தியன் ஆயில் 2019-ல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 பாகை வரை ஓடும் தன்மையுள்ளது, கிடைக்கும் இடத்தில் அதையே நிரப்புங்கள்.

கண்ட்ரோல் யூனிட் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? விலை பயமுறுத்துகிறது.
- ஹாம், ஜெர்மனி

விலையைப் பார்த்தால் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும், பிழை எண்களைப் பார்த்தாலும் அப்படித்தான். யூனிட்டை நேரடியாக அளக்க வழியில்லை. சுற்றியுள்ள எல்லாம் சரி என்று நிரூபித்தபின் எஞ்சுவது அது. கனெக்டரில் சுமையோடு 11 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, பிளக், பம்ப், இரு சென்சார்கள், மோட்டார் எல்லாமே யூனிட்டின் கனெக்டரிலிருந்து அளந்தும் சரியாக இருக்கின்றன, ஆனாலும் பிளக்குக்கோ பம்புக்கோ மின்சாரம் வெளியே வரவில்லை. இந்த நிலையில் மட்டும் யூனிட்டைக் குற்றம் சாட்டலாம். பாகத்தின் முனையில் அளந்து திருப்திப்படாதீர்கள். யூனிட்டின் கனெக்டரிலிருந்து அளந்தால்தான் இடையில் உள்ள வயரும் சோதனைக்குள் வரும்.

அதற்கு முன் ஒரு விஷயம். பலமுறை பற்றவைக்க முயன்று தோற்றால் யூனிட் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும், ஏர்ட்ரோனிக்கில் 050. அது பழுதல்ல, பாதுகாப்பு. உள்ளே தேங்கிய டீசல் ஒரேயடியாகப் பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் அந்தப் பூட்டு. முதலில் தோல்விக்கான காரணத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு கண்டறியும் கருவியால் பூட்டை எடுங்கள். மலிவு விலை ஹீட்டர்களில் ஒரே பிழை எண் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறு பொருள் தரும். ஒரு பெட்டியோடு வந்த தாளை இன்னொரு ஹீட்டருக்குப் பயன்படுத்தக் கூடாது.

இந்தச் சோதனைகளை வீட்டு கராஜுக்குள் செய்யலாமா? வெளியே நின்றால் விரல் விறைக்கிறது.
- மொன்றியல், கனடா

அணைந்த நிலையில் ஓம் அளக்கும் சோதனைகளை எல்லாம் உள்ளே தாராளமாகச் செய்யலாம். பற்றவைக்கும் சோதனை எதுவும் கூடாது, கதவைப் பாதி திறந்து வைத்தாலும் கூடாது. சரியாக எரியாத ஹீட்டரைத்தான் நாம் சோதிக்கிறோம், சரியாக எரியாத டீசலிலிருந்துதான் கார்பன் மோனாக்சைடு அதிகம் வரும். அதற்கு நிறமும் வாசனையும் கிடையாது. புகைக்குழாய் இணைப்பில் கசிவு இருந்தால் அது நேரே கேபினுக்குள்ளும் வரும். படுக்கும் உயரத்தில் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை மாட்டி, அதன் டெஸ்ட் பட்டனை அமுக்கிச் சத்தம் கேட்ட பிறகு ஹீட்டரை இயக்குங்கள். டீசல் நிரப்பும் இடத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஹீட்டரை நிறுத்துங்கள், விசிறி ஓய்ந்த பிறகு பம்ப் அருகே போகலாம்.

மேலோட்டமாகப் பார்க்கும்போதே வெப்பப் பரிமாற்றியின் மேல் உள்ள ஆண்டையும் படித்துவிடுங்கள். ஐரோப்பாவில் காற்று ஹீட்டர்களின் வெப்பப் பரிமாற்றிக்குப் பத்தாண்டு வரம்பு உண்டு. அதைத் தாண்டியிருந்தால் மின்பாகத்துக்குச் செலவழிக்கும் முன் பரிமாற்றியை மாற்றுங்கள். அலுமினியத்தில் விழும் மயிரிழைக் கீறலை எந்த மல்டிமீட்டரும் காட்டாது.